ஒரு காலப்பயண நாவலில் என் சித்தப்பாவின் சேட்

அந்த நாவலில் எனக்குப் பிடித்தவற்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிறகு சொல்ல எனக்கு மனம் வராது.

சீனன்குடாப் பக்கம் பற்றைக்குள் துருப்பிடித்து நிற்கும் பழைய எண்ணெய்த் தாங்கிகளில் ஒன்றைக் காலத்துக்குள் நுழையும் வாசலாக ஆசிரியர் ஆக்கியிருந்தார். கதையில் துப்பறிகிறவன் உள்ளே போய் இரும்புச் சுவரில் உள்ளங்கையால் தட்டுவான். ஒலி சுற்றிச் சுற்றி வந்து அடங்கும்போது வெளியே வேறொரு வருடமாக இருக்கும். வேலை விடயமாக நானும் ஒருமுறை அப்படியொரு தாங்கிக்குள் நின்றிருக்கிறேன். ஒலி அப்படித்தான் வரும். நம்ம குரல் நமக்குப் பின்னால் நின்று கதைப்பது போல இருக்கும். அடுத்தது, துப்பறிகிறவனுக்கு எப்போதும் பசிக்கும். எந்த வருடத்தில் இறங்கினாலும் முதலில் தேநீர்க்கடையைத்தான் தேடுவான், அங்கே அவன் காசு செல்லாது. அந்த இடங்களில் வாய்விட்டுச் சிரித்தேன். மூன்றாவதாக ஒன்று இருக்கிறது. அதைப் பற்றித்தான் இனி எழுதப் போகிறேன், ஆனால் அதைப் பிடித்தவற்றில் சேர்ப்பதா அருவருப்பானவற்றில் சேர்ப்பதா என்று இன்றுவரை எனக்குத் தெரியவில்லை.

நாவலை எழுதியவர் ஓர்ஸ் ஹில்லில் இருக்கிறார். அரசாங்க உத்தியோகத்திலிருந்து ஓய்வு பெற்றவர். நாங்கள் எல்லோரும் சேர் என்றுதான் அழைப்போம். எங்கள் கத்தோலிக்கப் பங்கில் ஆங்கிலத்தில் ஒரு கடிதம் எழுத வேண்டியிருந்தால் ஆட்கள் அவரிடம்தான் போவார்கள். தட்டச்சு இயந்திரக் காலத்திலிருந்து அப்படித்தான். ஓய்வுக்குப் பிறகு கதை எழுதத் தொடங்கினார். இது முதல் நாவல்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வரும்போது என்னை மறித்தார்.

"பிள்ளை, நூல் வெளியீட்டுக்கு நீர்தான் ஆய்வுரை செய்ய வேணும்."

"நானோ சேர்? என்ர வேலை தராசும் அழுத்தமானியும் சரிபார்க்கிறது. எனக்கு இலக்கியம் தெரியாது."

"அதுதான் வேணும். இது விஞ்ஞானக் கதை. தமிழ் வாத்திமாரிட்டக் குடுத்தா உவமை எங்க, உருவகம் எங்கயெண்டு தேடுவினம். எனக்கு மெசின் தெரிஞ்ச ஒராள் வேணும்."

"கால இயந்திரம் நான் இன்னும் திருத்தினதில்ல சேர்."

"பிழை பிடிக்கிறதில நீர் கெட்டிக்காரியெண்டு கேள்வி. பிடியும் பாப்பம்."

எங்கள் ஊரில் நூல் வெளியீட்டுக்கு ஓர் ஒழுங்கு உண்டு. விளக்கேற்றுவார்கள், வரவேற்பார்கள், சுவாமி ஆசியுரை சொல்வார், ஒருவர் ஆய்வுரை செய்வார், முதற்பிரதி ஒருவருக்கு மேடையில் வழங்கப்படும், ஆசிரியர் ஏற்புரையில் எல்லோருக்கும் நன்றி சொல்வார். ஆய்வுரை என்று அழைப்பிதழில் அச்சடித்திருந்தாலும் அங்கே யாரும் ஆய்வதில்லை. அரை மணித்தியாலம் புகழ்ந்துவிட்டு, அச்சுப் பிழைகளைக் கொஞ்சம் கவனித்திருக்கலாம் என்று கடைசியில் ஒரு வசனம் சொன்னால் போதும், நடுநிலையான ஆள் என்ற பெயர் வந்துவிடும். இது எனக்கும் தெரியும், அவருக்கும் தெரியும். ஓம் என்றேன்.

போகும்போது இன்னொன்றும் சொன்னார். "முதற்பிரதி உம்மட சித்திக்குத்தான். இப்பவே சொல்லி வையும்."

அதைக் கேட்டு எனக்குக் கண் கலங்கியது. முதற்பிரதி வழக்கமாக ஒரு வர்த்தகருக்கோ பாடசாலை அதிபருக்கோதான் போகும். பாலையூற்றில் வீட்டு முன்னறையில் சீருடை தைத்துக் கொடுக்கும் ஒரு பெண்ணை யாரும் அந்த மேடைக்குக் கூப்பிட்டதில்லை.

சித்தி அம்மாவின் தங்கை. எங்கள் வளவிலேயே அடுத்த வீடு. சித்தப்பா வயரிங் வேலை செய்தவர். சண்டை நடந்த காலத்தில் ஒருநாள் காலை, கிண்ணியாவில் ஒரு புது வீட்டுக்கு வேலை பேசப் போனார். அந்த வீட்டுக்காரர் காத்திருந்தார். சித்தப்பா போய்ச் சேரவில்லை. வழியில் அவரைக் கண்டவர்கள் இருக்கிறார்கள், எந்த இடத்தோடு காணாமல் போனார் என்பதில் ஆளுக்கொரு கதை. நான் அப்போது சின்னப்பிள்ளை. அதற்குப் பிறகு சித்தி போகாத அலுவலகம் இல்லை, கொடுக்காத மனு இல்லை. அந்த மனுக்கள் எல்லாவற்றையும் இலவசமாக எழுதிக் கொடுத்தவர் இந்த சேர்தான்.

எங்கள் கோவிலில் திருப்பலி தொடங்குமுன், யாருக்காகச் செபிக்கிறோம் என்ற கருத்துகளை வாசிப்பார்கள். இறந்தவர்களின் ஆன்ம இளைப்பாற்றிக்காக என்று ஒரு வரிசை. நோயாளர், பிரயாணிகள், பரீட்சை எழுதுகிறவர்கள் என்று உயிரோடிருப்பவர்களுக்கு ஒரு வரிசை. சித்தப்பாவின் பெயர் வருடா வருடம் அவர் பிறந்தநாளில் இரண்டாவது வரிசையில்தான் வாசிக்கப்படும். புதிதாக வந்த சுவாமி ஒருவர் ஒருமுறை முதல் வரிசையில் வாசித்துவிட்டார். சித்தி எழுந்து வெளியே போய், பூசை முடியும்வரை உள்ளே வரவில்லை. பிறகு யாரும் அந்தப் பிழையை விடவில்லை.

முதற்பிரதிச் செய்தியைச் சொன்னபோது சித்தி தையலை நிறுத்தாமலே கேட்டாள், "மேடையில ஏற வேணுமோ?"

"ஓம் சித்தி. படமும் எடுப்பினம்."

"அந்த நீலச் சாறிக்குச் சட்டை சின்னனாப் போச்சு. புதுசா ஒண்டு தைக்க வேணும்," என்றாள். அன்றைக்கே துணியும் வெட்டினாள்.

சேர் முதலில் நாவலின் முன்பாதியைத்தான் தந்தார். நூலால் கட்டிய பெரிய தனித் தாள்கள். துப்பறிகிறவன் காணாமல் போன ஒருவனைத் தேடிப் பழைய காலத்துக்குப் போகிறான் என்பது கதை. காணாமல் போனவனைப் பற்றி முன்பாதியில் பெரிதாக ஒன்றும் இல்லை; ஒரு பெயரும் ஒரு படமும்தான். மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் அலுவலகத்தில் வைத்து வாசித்தேன். என்னோடு வேலை செய்யும் கிண்ணியாத் தோழி நான் முடித்த தாள்களைப் பின்னாலேயே வாங்கி வாசித்து வந்தாள்.

வேலையில் ஒரு கருவியைச் சரிபார்த்தால் குறைப்பட்டியல் எழுதுவோம்: கண்டது என்ன, இருக்க வேண்டியது என்ன. நாவலுக்கும் அப்படியே எழுதினேன். பதினோராம் அத்தியாயத்தில் கடல் வற்றி வில்லனின் வள்ளம் சேற்றில் இறுகிவிடுகிறது. எங்கள் குடாவில் கடல் இரண்டு முழம்கூட இறங்காது. துப்பறிகிறவன் டோர்ச் லைட்டைப் பழைய காலத்திலேயே விட்டுவிட்டு வருகிறான். அடுத்த பக்கத்தில் அது அவன் கையில் இருக்கிறது. ஊர் முழுக்க மின்வெட்டு, ஆனால் ஐஸ் தொழிற்சாலை ஓடும் சத்தம் கேட்கிறது. இப்படிச் சில. ஆனால் பெரிய பிழையைக் கண்டுபிடித்தவள் தோழிதான்.

"இதென்னடி, இவன் சைக்கிள்ல பாலத்தால போறான்? அந்த வருசம் பாலம் ஏது?"

"எங்க?"

"இஞ்ச பார். கிண்ணியாப் பாலத்தில காத்து வாங்கிறானாம். எங்கட வாப்பா பாதைக்கு வெயில்ல நிண்டு நிண்டு கறுத்துப் போனவர். இவனுக்கு மட்டும் ஆரு பாலம் கட்டிக் குடுத்த?"

"எதிர்காலத்தில இருந்து கொண்டு போயிருப்பான்."

"பாலத்தையுமா? டோர்ச் லைட்டையே ஒழுங்காக் கொண்டு வரத் தெரியாதவன்."

பாலம் வருவதற்கு முன் கிண்ணியாவுக்கு மிதவையில்தான் போக வேண்டும். வாகனமும் ஆட்களும் ஒன்றாக ஏறும் பெரிய தட்டு அது. நாங்கள் பாதை என்றுதான் சொல்வோம். பாதை அக்கரைக்குப் போயிருந்தால் வரும்வரை இக்கரையில் காத்துக் கிடக்க வேண்டும். ஊரில் வளர்ந்த ஒருவர் காலப்பயண நாவல் எழுதி, அதில் காலத்தையே பிழையாக வைத்திருந்தார்.

பட்டியலைக் கொடுத்தபோது சேர் கோபிக்கவில்லை. மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, ஒவ்வொன்றாக வாசித்துத் தொடையில் தட்டிச் சிரித்தார். "பாலம்! கடவுளே, பாலம்! தினமும் அதால போய்வந்து பாதையை மறந்தே போனன் பிள்ளை." இரண்டு கிழமையில் எல்லாவற்றையும் திருத்தி, பாதைக்காக ஒரு முழு அத்தியாயத்தைத் திரும்ப எழுதி, பின்பாதியோடு சேர்த்து வீட்டுக்கே கொண்டு வந்து தந்தார். "உம்மாலதான் இந்த அத்தியாயம் பிறந்தது. வாசிச்சுப் பாரும்."

நான் வேலைக்குப் போகும் வான் வண்டியில் வைத்துப் பிரித்தேன்.

அத்தியாயம் நன்றாக இருந்தது. அதை மறைக்க முடியாது. பாதை அக்கரையில் நிற்கிறது. இக்கரையில் ஆட்கள். டீசல் மணமும் கருவாட்டு மணமும் கலந்து வருகின்றன. ஒரு பெண் குழந்தையின் தலையில் லேஞ்சித் துணியை நனைத்துப் போடுகிறாள். வரிசையில் ஒருவர் தோளில் பையோடு நிற்கிறார், பைக்குள் குறடும் டேப்பும். வெயிலுக்கு ஒரு காலை மற்றக் காலின் நிழலில் வைக்கப் பார்க்கிறார். சாம்பல் நிற நீளக்கைச் சேட். இடது கை மணிக்கட்டுப் பட்டியில் அயன்பெட்டி சுட்ட அடையாளம், விரல் நுனி அளவு, தேநீர் நிறத்தில். அது தெரியாமலிருக்கக் கையை இரண்டு மடிப்பு மடித்து விட்டிருக்கிறார்.

வானில் யாரோ யன்னலை மூடச் சொன்னார்கள். நான் மூடினேன். திரும்ப அந்த வரியை வாசித்தேன்.

அந்தச் சேட்டைச் சுட்டது சித்தி. அன்று காலை அவசரத்தில். "நல்ல சேட்டைப் பழுதாக்கிப் போட்டன்" என்று அவள் சொல்ல, சித்தப்பா, "மடிச்சு விட்டா ஆருக்குத் தெரியும்?" என்று சொல்லிவிட்டுப் போனார். அவர் வீட்டில் கடைசியாகச் சொன்ன வசனம் அது. எங்கள் குடும்பத்துக்குத் தெரியும். மனுவில் கடைசியாக அணிந்திருந்த உடை என்ற இடத்தை நிரப்பிய ஆளுக்கும் தெரியும்.

அதற்குப் பிறகு நான் வாசித்த வேகத்தை நினைத்தால் இப்போதும் கூச்சமாக இருக்கிறது. நிறுத்தியிருக்கலாம். நிறுத்தவில்லை. துப்பறிகிறவன் கூட்டத்தில் அவருக்குப் பின்னால் நிற்கிறான், பாதை வருகிறது, எல்லோரும் ஏறுகிறார்கள். சேருக்கு எங்கேயோ ஏதோ தெரிந்திருக்கிறது, அதைக் கதையாக எழுதிவிட்டார் என்று ஒரு நினைப்பு எனக்குள் ஓடியது. அளவுகளோடு வேலை செய்கிற எனக்கு அப்படி ஒரு நினைப்பு வந்திருக்கக் கூடாது. ஆனால் பக்கத்தைத் திருப்பத் திருப்ப நெஞ்சு அடித்துக்கொண்டது. அடுத்த பக்கத்தில் சித்தப்பாவைக் கண்டுவிடுவோம் என்றே அடித்துக்கொண்டது.

கண்டேன். நாவலில் அவரை யாரும் பிடித்துக்கொண்டு போகவில்லை. அக்கரையில் இறங்கி, ஆயத்தமாக நின்ற லொறியில் ஏறி, நீர்கொழும்புக்குப் போய்விடுகிறார். அங்கே ஏற்கெனவே ஒரு பெண். பிறகு பிள்ளைகள். துப்பறிகிறவன் பல வருடங்களுக்குப் பின்னால் அங்கே போய், கொடியில் காயும் பழைய சேட்டின் இடது கையைப் பார்த்து ஆளை அடையாளம் காண்கிறான். உள்ளே இருந்து அந்தப் பெண் கேட்கிறாள், சுட்ட சேட்டை ஏன் இன்னும் வைத்திருக்கிறாய் என்று. "மடிச்சு விட்டா ஆருக்குத் தெரியும்?" என்கிறார் அவர். இருவரும் சிரிக்கிறார்கள்.

கடைசி அத்தியாயத்தில் துப்பறிகிறவன் ஊருக்குத் திரும்புகிறான். காத்திருக்கும் மனைவியின் வாசல்வரை போய், சொல்லாமலே திரும்பிவிடுகிறான். அவளுக்கு உண்மையைச் சொல்லாமல் விடுவதுதான் கருணை என்று நாவல் முடிகிறது.

அந்தப் பெண்ணுக்குத்தான் முதற்பிரதியைக் கொடுக்க இருந்தார்.

நான் குடித்து வைத்த கோப்பையில் வேறொருவர் வாய் வைத்துவிட்டு, கழுவாமல் திரும்ப என் கையில் தந்தது போல இருந்தது. அன்று வேலையில் ஒரே அழுத்தமானியை மூன்று தரம் பார்த்தேன்.

சித்திக்குச் சொல்வதா இல்லையா என்பதில் எனக்கு அதிக யோசனை இருக்கவில்லை. சொல்லாமல் விட்டால் நானும் அந்தத் துப்பறிகிறவனைப் போல வாசலோடு திரும்பியவளாகிவிடுவேன். சொல்லாவிட்டால் நீலச் சாறியோடு மேடையில் ஏறிவிடுவாள். பிறகு நூறு பேர் வாசித்துவிட்டு வந்து அவள் முகத்தைப் பார்ப்பார்கள்.

சித்தி மெசினில் இருந்தாள்.

"சித்தி, அந்தக் கதையில சித்தப்பா வாறார்."

மெசின் நின்றது. "பேரோடயோ?"

"பேர் வேற. சேட் அதுதான்."

"எந்தச் சேட்?"

"சாம்பல். இடது கை."

ஊசிக்குக் கீழிருந்த துணியை இழுத்து எடுத்தாள். பிறகு கேட்டாள், "உயிரோட இருக்கிறாரோ?"

இந்தக் கேள்வியை நான் எதிர்பார்க்கவில்லை. அதுவும் அந்தக் குரலில்.

"கதையில ஓம், சித்தி."

"எங்க?"

"நீர்கொழும்பில."

"நீர்கொழும்பு," என்று மெல்லச் சொல்லிப் பார்த்தாள். "அதுவும் கடல் பக்கம்தான்."

"அங்க வேற மனுசியோட, சித்தி. பிள்ளையளும் இருக்கு."

என்னை நிமிர்ந்து பார்த்தாள். பிறகு சிரித்தாள், உண்மையாகவே. "அந்த மனுசனோ? என்னோட ஒரு கதை கதைக்கவே அரை நாள் யோசிக்கிற ஆள். ரெண்டு பேருக்கு எப்பிடிப் பதில் சொல்லுவார்?" கையை நீட்டினாள். "தா. நான் வாசிக்கிறன்."

மூன்று நாள் அதை வைத்திருந்தாள். அம்மாவுக்கு அதற்குள் விடயம் தெரிந்துவிட்டது. நான்காம் நாள் நான் போனபோது இருவரும் குசினியில் நின்று கதைத்துக்கொண்டிருந்தார்கள். கதை என்று சொல்ல முடியாது, சண்டை.

"குழப்பாத எண்டுதான் சொல்லுறன்," என்றாள் அம்மா. "அந்த மனுசன் இல்லாட்டி ஒரு கடிதமும் போயிராது. ஒரு சதம் வாங்கினவரோ?"

"கடிதமெல்லாம் போச்சு அக்கா. ஆள் வந்தாரோ?"

"அதுக்கு அவர் என்ன செய்யிறது? கதைதானே. ஆருக்கு விளங்கப் போகுது?"

சித்தி என் பக்கம் திரும்பினாள். தாள்களில் ஓர் இடத்தில் விரலை வைத்திருந்தாள். "இதைப் பார். மடிச்சு விட்டா ஆருக்குத் தெரியும். இதை நான் அழுதழுது அவருக்குச் சொன்னனான். மனுவில போடுங்கோ சேர் எண்டும் கேட்டனான். கடைசியாச் சொன்ன வார்த்தையெல்லோ. அவர் என்ன சொன்னவர் தெரியுமோ? 'அது தேவையில்லாத விசயம் தங்கச்சி, அதிகாரியள் அதையெல்லாம் வாசிக்க மாட்டினம்' எண்டவர். அங்க தேவையில்ல. இஞ்ச தேவைப்பட்டிருக்கு."

அம்மா அடுப்பில் இருந்த சட்டியை இறக்கி வைத்தாள்.

அந்தச் சனிக்கிழமை சித்தியும் நானும் ஓட்டோ பிடித்து ஓர்ஸ் ஹில்லுக்குப் போனோம். சேர் வாசலுக்கே வந்து வரவேற்றார். "வாங்கோ தங்கச்சி, வாங்கோ. முதற்பிரதிக்காரி!" உள்ளே கதிரைகளை இழுத்துப் போட்டார். அவர் மனைவி தேநீர் வைக்கப் போனார்.

சித்தி கதிரையின் நுனியில் இருந்தாள். "சேர், எனக்கு அந்தச் சேட்டைத் தாங்கோ."

"என்ன சேட்?"

"கதையில இருக்கிறது. உங்கட ஆள் நீர்கொழும்புக்குப் போகட்டும், பத்துப் பெண்டாட்டியோட இருக்கட்டும். எனக்குக் கவலையில்ல. வேற சேட்டைப் போட்டுக்கொண்டு போகட்டும்."

சேர் என்னைப் பார்த்தார். வாசிக்கக் கொடுத்தாயா என்ற பார்வை. பிறகு பொறுமையாக, மனுவில் ஒரு பத்தியை விளக்குவது போலச் சொன்னார். "தங்கச்சி, இது கற்பனை. அது அவரில்ல. எழுதுறவனுக்கு எங்கயோ கண்டது, கேட்டது எல்லாம் வரும். அந்தத் தீஞ்ச அடையாளம் கதையின்ர முடிச்சு. அது இல்லாட்டித் துப்பறியிறவன் ஆளை எப்பிடிக் கண்டுபிடிக்கிறது?"

"கண்டுபிடிக்காம விடட்டும். இவ்வளவு காலமும் ஆர் கண்டுபிடிச்சவை?"

"கதை விழுந்திடும் தங்கச்சி."

"விழட்டும்."

அவர் என் பக்கம் திரும்பினார். "பிள்ளை, நீர் படிச்சனீர், நீர் சொல்லும். பாலம் பிழையெண்டீர், மாத்தினன். கடல் வத்தாது எண்டீர், அதையும் மாத்தினன். நீர் காட்டின எந்தப் பிழையை நான் திருத்தாம விட்டனான்? இதில என்ன பிழை இருக்கு?"

"இதையும் பட்டியலில சேர்த்துக்கொள்ளுங்கோ சேர்," என்றேன். "கண்டது: சித்தப்பாவின்ர சேட். இருக்க வேண்டியது: வேற சேட்."

"அது பிழையில்ல. அது எழுத்தாளன்ர சுதந்திரம்."

பாலத்தை இரண்டு கிழமையில் இடித்துவிட்டுப் பாதையை மிதக்கவிட்ட மனிதர். ஒரு குடாவின் கடலையே எனக்காகத் திரும்ப நிரப்பியவர். மூன்று விரல் அகலமான ஒரு துணித் துண்டை விட முடியவில்லை. எனக்கு அருவருப்பாக இருந்தது அவருடைய பிடிவாதம்கூட அல்ல. கொடுத்து வாங்கி முடிக்கலாம் என்று அவர் நினைத்துவிட்டார். கொஞ்சம் யோசித்து முகம் மலர்ந்து சொன்னார், "சரி தங்கச்சி, உங்களுக்காக ஒண்டு செய்யிறன். வலது கைக்கு மாத்திறன். கதைக்கும் பழுதில்ல, உங்களுக்கும் பிரச்சினையில்ல."

சித்தி எழுந்தாள். "முதற்பிரதிய வேற ஆருக்கும் குடுங்கோ சேர்."

தேநீர்த் தட்டோடு வந்த அவர் மனைவி வாசலில் நின்றுவிட்டார். "என்ன, இருங்கோ, தேத்தண்ணி குடிச்சிட்டுப் போங்கோவன்."

"வேண்டாமக்கா. குடிச்சிட்டு வந்தனாங்கள்," என்றாள் சித்தி. நாங்கள் குடித்துவிட்டு வரவில்லை.

சேர் படிவரை என் பின்னால் வந்தார். "பிள்ளை, ஆய்வுரை? நீர் விஞ்ஞானப் பக்கத்தை மட்டும் கதையும். தாங்கி, ஒலி, அந்த விசயங்கள். மற்றது தேவையில்ல."

"ஏலாது சேர்."

"அழைப்பிதழ் அடிச்சாச்சு."

"ஏலாது," என்றேன் திரும்பவும். அதற்கு மேல் சொல்ல நிறைய இருந்தது, ஆனால் அவருக்குச் சொன்னால் அதையும் எங்கேயாவது எழுதிவிடுவார் என்று பயமாக இருந்தது.

வெளியீட்டுக்கு நாங்கள் போகவில்லை. கிண்ணியாத் தோழி வேடிக்கை பார்க்கப் போனாள். திங்கட்கிழமை வந்து வர்ணித்தாள். எனக்குப் பதிலாக ஒரு தமிழ் ஆசிரியர் பேசினாராம். "நாலு உவமை கண்டுபிடிச்சிட்டார். ஒண்டு அந்த டோர்ச் லைட்." முதற்பிரதி ஒரு கட்டடப்பொருள் வர்த்தகருக்குப் போனதாம். பிறகு என் முகத்தைப் பார்த்துவிட்டுச் சிரிப்பை நிறுத்திச் சொன்னாள், "எல்லாரும் அந்தப் பாதைக்கு நிக்கிற இடத்தைத்தான் புகழ்ந்த. வாசிச்சும் காட்டின. எங்கட உம்மாவும் வந்திருந்தா, கண்ணைத் துடைச்சா. நான் என்ன செய்ய?"

அவளில் பிழையில்லை. நாங்கள்தான் அந்தப் பிழையைப் பிடித்துக் கொடுத்தோம். பாலத்திலேயே விட்டிருந்தால் சித்தப்பாவும் பாலத்தால் வேகமாகப் போயிருப்பார், யாரும் அவர் கையைப் பார்த்திருக்க மாட்டார்கள். நான் செய்தது சரியான திருத்தம். இப்போதும் அதே திருத்தத்தைத்தான் எழுதுவேன். அதற்காக அருவருப்புக் குறையவில்லை.

கொஞ்ச நாள் கழித்து நகரத்தில் ஒரு புத்தகக் கடையில் அதைக் கண்டேன். வாங்கவில்லை. நின்றபடியே பாதை வரும் பக்கத்தை எடுத்துப் பார்த்தேன். சாம்பல் நிறச் சேட். அயன்பெட்டி சுட்ட அடையாளம், விரல் நுனி அளவு. வலது கை. நீர்கொழும்புப் பக்கத்தையும் பார்த்தேன். அந்த வசனம் இருந்தது, அந்தச் சிரிப்பும் இருந்தது.

வீட்டுக்கு வந்தவுடன் சித்தி கேட்டாள். நான் எங்கே போனேன் என்று சொல்லியிருக்கவில்லை, ஆனால் என் முகத்தில் இருந்திருக்க வேண்டும்.

"புத்தகத்தைப் பாத்தனியோ?"

"ஓம் சித்தி."

"மாத்தினவரோ?"

"வலது கைக்கு மாத்தியிருக்கிறார்."

"வேற ஒண்டும்?"

"வேற ஒண்டும் மாத்தேல்ல. அந்த வசனமும் இருக்கு."

சித்தி மேசையில் கிடந்த சின்னச் சேட்டொன்றின் கையை எடுத்து மணிக்கட்டுப் பட்டியைப் பெருவிரலால் தடவி மட்டம் பார்த்தாள். "வலது கையெண்டா அது அவரில்ல," என்றாள். "ஆரோ ஒரு மனுசன். எங்கயும் இருந்திட்டுப் போகட்டும்."

என்னால் அப்படிச் சொல்ல முடியவில்லை. எனக்கு அவர் எந்தக் கையில் அடையாளத்தோடு நின்றாலும் அவர்தான். ஆனால் சித்தி சொன்னதை நான் மறுக்கவும் இல்லை. அவளுக்கு அதில் நிற்க இடம் இருந்தது.

பிறகு கேட்டாள், "அச்சடிக்க முந்தித் தந்த தாளெல்லாம், நான் வாசிச்சுத் திருப்பித் தந்தது, உன்னட்டத்தானே இருக்கு? அதில இடது கைதானே?"

"ஓம்."

"கொண்டுவா."

கொண்டு வந்து கொடுத்தேன். பாதைக்குக் காத்து நிற்கும் பக்கத்தை எடுத்து மேசையில் விரித்தாள். சேட்டை, பையை, வெயிலுக்கு ஒரு காலை மாற்றி நிற்பதை விரலால் தொட்டுத் தொட்டு வாசித்தாள். "இப்பிடித்தான் நிப்பார்," என்றாள். "ஒருநாளும் ரெண்டு காலிலயும் நிக்க மாட்டார். நான் இதைச் சேருக்குச் சொன்னதில்ல. எப்பிடித் தெரிஞ்சுது?"

எனக்குத் தெரியவில்லை. சேர் தற்செயலாக எழுதியிருக்கலாம். வெயிலில் நிற்கும் யாரும் அப்படி நிற்கலாம்.

துணி வெட்டும் கத்தரிக்கோலை எடுத்தாள். பாதை வந்து எல்லோரும் ஏறத் தொடங்கும் வரிக்கு மேலே, சீராக, ஒரே வெட்டில் தாளை வெட்டினாள். மேல் துண்டை வைத்துக்கொண்டாள். மிச்சக் கட்டு முழுவதையும் என்னிடம் தந்தாள்.

"இதைக் கொண்டுபோய் எரி."

பின்வளவில் குப்பை எரிக்கும் இடத்தில் போட்டு நெருப்பு வைத்தேன். தடித்த தாள். பிடிக்க நேரமெடுத்தது. முழுவதும் எரியும்வரை நின்று பார்த்துவிட்டுத்தான் உள்ளே போனேன்.